நாலாவது லேன்

பி.டி. சார் ஒருவர் ஓய்வுபெற்றால் பழைய மாணவர்கள் சேர்ந்து பேனர் வைக்கிறார்கள். காலமானால் வாட்ஸ்அப் குழுவில் விசிலும் தொப்பியுமாக ஒரு பழைய படம் சுற்றுகிறது. இரண்டிலும் ஒரே வாசகம்தான்: கண்டிப்பானவர், உள்ளுக்குள்ளே பாசக்காரர். பொய் இல்லை. ஆனால் இது கொஞ்ச நாளாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது. தமிழையாவை நினைக்கிறவர்கள் அவர் ராகம் போட்டுப் படித்த செய்யுளைச் சொல்கிறார்கள். கணக்கு வாத்தியார் என்றால் அவர் போர்டில் போட்ட வட்டம் ஞாபகம் வருகிறது. பி.டி. சாருக்கு மட்டும் குணம்தான் மிஞ்சுகிறது, தொழில் மறந்துபோகிறது. அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டால், அவரை உயிராக நேசித்தவர்கள்கூட ‘நல்லா விளையாட வைப்பாரு’ என்பதைத் தாண்டிப் போவதில்லை. பரீட்சை நெருங்கினால் அவருடைய பீரியடைக் கணக்குக்கோ சயின்ஸுக்கோ எடுத்துக்கொண்டதற்கும் இந்த மறதிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவருக்கென்று ஒரு பாடம் இருப்பதாகவே யாரும் எண்ணவில்லை.

அந்தப் பாடம் இருந்தது. அதை அவர் வருஷத்துக்கு ஒருமுறை, ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின நாள் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு தரையில் எழுதினார். மறுநாள் முந்நூறு பேர் மிதித்து அழித்தார்கள். அதனால்தான் யாரும் அதைப் படிக்கவில்லை.

அன்று அவரிடம் இருக்கும் சாமான்கள் இவ்வளவுதான்: முழ நீளத்தில் இரண்டு இரும்புக் கம்பி, சுத்தியல், 50 மீட்டர் டேப், ஒரு நீளக் கயிறு, நாலு மூட்டை சுண்ணாம்புத் தூள், அடியில் ஆணியால் துளை போட்ட பால்பவுடர் டப்பா இரண்டு. கூடவே வீட்டுக்குப் போகாமல் நிற்கும் நாலைந்து பையன்கள்.

இரண்டு முளை, ஒரு கயிறு

எட்டு லேன் உள்ள 400 மீட்டர் டிராக் போட ஏறக்குறைய 177-க்கு 93 மீட்டர் இடம் வேண்டும். நம் ஊர் உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த யோகம் கிடையாது. அதனால் 200 மீட்டர் டிராக்தான். இருக்கிற இடத்துக்கு ஏற்ப நேர்ப்பகுதியைக் கூட்டலாம், குறைக்கலாம். எளிதான கணக்கு 40 மீட்டர். இரண்டு பக்கமும் 40 என்றால் 80 போய்விட்டது. மிச்சம் 120 மீட்டரை இரண்டு அரைவட்டங்கள் தர வேண்டும். இரண்டு அரைவட்டம் ஒரு முழுவட்டம். 120-ஐ 2 பை-யால் வகுத்தால் 19.10 மீட்டர் ஆரம்.

அந்த 19.10-ல் கோடு போட்டால் தப்பு. அது பையன் ஓடுகிற வழி. கோடு அதற்கு உள்ளே இருக்க வேண்டும். முதல் லேனில் ஓடுகிறவன் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு. ஆகவே கயிற்றின் நீளம் 18.80. விளிம்புக் கட்டை இல்லாமல் வெறும் கோடு மட்டும் இருந்தால் 20 சென்டிமீட்டரே போதும் என்று விதி சொல்கிறது. சுண்ணாம்பை மிதிக்கக் கூடாது என்று மிரட்டி வைத்த பையன் எப்படியும் ஓர் அடி தள்ளித்தான் ஓடுவான் என்பதால் 30-ஐ வைத்துக்கொள்கிறவர்கள் பக்கம்தான் நான். முதல் லேனுக்கு எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எடுக்க வேண்டும். பாதியில் மாற்றினால் பின்னால் வரும் கணக்கெல்லாம் சிக்கிக்கொள்ளும்.

மைதானத்தின் நடுவில் 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிகளையும் அடிக்கிறார். ஒவ்வொரு கம்பியிலிருந்தும் இரண்டு பக்கமும் செங்குத்தாக 18.80 அளந்தால் நாலு மூலை கிடைக்கும். செங்குத்துக்குப் பக்கங்கள் மூன்று, நாலு, ஐந்து என்று அமைந்த முக்கோணம்தான். ஆனால் மீட்டர் கணக்கில் அப்படியே எடுத்தால் முக்கோணம் சின்னதாகி, ஒரு விரற்கடை பிசகு மூலையில் ஒரு சாணாகப் போய் நிற்கும். 9, 12, 15 என்று எடுப்பவர் கைதேர்ந்தவர். பிறகு குறுக்கே டேப் பிடித்துப் பார்க்கிறார். இரண்டு மூலைவிட்டமும் 54.90 காட்ட வேண்டும். ஒன்று 54.60, இன்னொன்று 55.20 என்றால் செவ்வகம் சாய்ந்திருக்கிறது. அப்படியே கோடு போட்டால் வளைவு நேர்க்கோட்டோடு சேருகிற இடத்தில் ஒரு முழங்கை தெரியும். ஓடுகிறவன் கால் அங்கே தடுமாறும்.

இனி வளைவு. கயிற்றின் ஒரு முனை கம்பியில், மறுமுனையில் ஆணியோடு ஒரு பையன். அரைவட்டம் சுற்றி வர வேண்டியதுதானே என்று தோன்றும். புதிதாக வந்தவர்கள் சறுக்குவது இங்கேதான். கயிற்றைக் கம்பியில் இறுக்கிக் கட்டினால், சுற்றச் சுற்ற அது கம்பியிலேயே சுருட்டிக்கொள்ளும். கம்பியின் தடிமன் 3 சென்டிமீட்டர் என்றால், அரைவட்டம் முடிவதற்குள் கயிறு 4.7 சென்டிமீட்டர் குறைந்திருக்கும். வளைவு மறுமூலைக்கு வராமல் உள்ளே தள்ளி முடியும். அனுபவசாலி இறுக்கிக் கட்டமாட்டார். பழைய சாவி வளையம் ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கம்பியில் தளர்வாகப் போடுவார். அடுத்த வில்லங்கம் கயிறே. தேங்காய் நார்க் கயிறு பனியில் நனைந்தால் ஒரு நீளம், வெயிலில் காய்ந்தால் இன்னொரு நீளம். நைலான் ரப்பர் மாதிரி நீளும். “டேய், இழுக்காதடா. விறைப்பா மட்டும் புடி” என்று அவர் கத்துவது அதற்காகத்தான். மெல்லிய கட்டுக்கம்பி கிடைத்தால் அவர் முகமே மலர்ந்துவிடும். 10 சென்டிமீட்டர் ஆரம் பிசகினால் ஒரு சுற்றில் 63 சென்டிமீட்டர் பிசகும் என்பது அவருக்கு மனப்பாடம்.

லேன் அகலம் 1.22 மீட்டர். கயிற்றில் 18.80, 20.02, 21.24, 22.46, 23.68 என ஐந்து முடிச்சு. அவசரக்காரர்கள் ஐந்து முடிச்சிலும் ஐந்து பையன்களை நிறுத்தி ஒரே வீச்சில் ஐந்து கோட்டையும் கீறப் பார்ப்பார்கள். நடுவில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, கயிறு வில்லாக வளைந்து எல்லாக் கோடும் கெடும். ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். நாலு லேனுக்கு ஐந்து கோடு. அவற்றின் நீளத்தைக் கூட்டினால் 1,067 மீட்டர் வருகிறது. ஒரு கிலோமீட்டருக்கு மேல், முதுகைக் குனிந்து, கையில் டப்பாவைத் தட்டிக்கொண்டே ஒரு மனிதர் நடக்கிறார். நமக்குப் பேனரில் ‘கண்டிப்பு’ ஞாபகம் வருகிறது.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிளிஞ்சலோ கல்லோ, நீற்றாத சுண்ணாம்பைத் தூளாக்கிப் போடவே கூடாது. வியர்வை பட்டாலே சுடும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. நீற்றி, உலர்த்தி, சலித்ததுதான் மைதானத்துக்கு. அதுவும் கண்ணுக்கு ஆகாது என்பதால் காற்றுக்கு எதிராக நின்று டப்பா தட்டும் பையனை அவர் திட்டுவார். கோலமாவு பாதுகாப்பானது, பட்ஜெட் இடம் கொடுத்தால் அதுவே மேல். தரையில் முன்கூட்டியே லேசாகத் தண்ணீர் தெளித்திருந்தால் கோடு காலைவரை நிற்கும். அதிகம் தெளித்தால் கட்டியாகி, பையன்கள் மிதித்து மிதித்து லேன் முழுக்க வெள்ளைக் காலடியாகிவிடும்.

அட்டவணையில் இல்லாத எண்

என் மனசு திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் இனிமேல்தான் வருகிறது.

200 மீட்டர் ஓட்டத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று கிளம்ப முடியாது. வெளி லேன் நீளம் அதிகம். அதனால் வெளியே நிற்கிறவனை முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். அதற்கு ஸ்டேகர் என்று பெயர். எவ்வளவு தள்ளுவது? பி.டி. புத்தகங்களில் அட்டவணை இருக்கிறது. 200 மீட்டருக்கு இரண்டாவது லேன் 3.52, மூன்றாவது 7.35, நாலாவது 11.19. அட்டவணை சரிதான், 400 மீட்டர் டிராக்குக்கு. அங்கே 200 மீட்டர் ஓடுகிறவன் ஒரே ஒரு வளைவைத்தான் கடக்கிறான். நம் சின்ன மைதானத்தில் அதே 200 மீட்டருக்கு ஒரு முழுச் சுற்று, அதாவது இரண்டு வளைவு. ஸ்டேகர் இரட்டிப்பாக வேண்டும்: 7.04, 14.70, 22.37.

இந்த எண்களுக்குள் ஓர் அழகு இருக்கிறது. லேன் அகலம் 1.22-ஐ 2 பை-யால் பெருக்கினால் 7.67. முதல் லேனுக்கு 30, மற்ற லேன்களுக்கு 20 சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்ததால் அதில் 63 சென்டிமீட்டர் கழிந்து 7.04. அதற்கப்புறம் ஒவ்வொரு லேனுக்கும் 7.67 கூடிக்கொண்டே போகும். இதில் வட்டத்தின் ஆரம் எங்கேயும் வரவில்லை. டிராக் 200 மீட்டரோ 400 மீட்டரோ, ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்டேகர் ஒன்றே. இது புரிந்த பி.டி. சாருக்கு அட்டவணையே தேவையில்லை. இடம் போதாமல் லேனை 1 மீட்டராகச் சுருக்கினாலும் மரத்தடியில் குச்சியால் கிறுக்கிப் புது எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார். வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு பிடிபடாத பையன் அவர் பக்கத்தில் குந்தி அதைப் பார்த்திருக்கிறான்.

புரியாமல் அட்டவணையை அப்படியே இறக்கி வைத்தால் என்ன ஆகும்? நாலாவது லேன் பையன் 22.37 மீட்டர் முன்னால் நிற்பதற்குப் பதில் 11.19-ல் நிற்கிறான். அவன் ஓடுவது 200 இல்லை, 211 மீட்டர். 28 விநாடியில் 200 ஓடக்கூடியவனுக்கு அந்தப் பதினொரு மீட்டர் ஒன்றரை விநாடிக்கு மேல். அவன்தான் நால்வரில் வேகமானவனாக இருந்தாலும் கடைசியாக வருவான். தலைமையாசிரியர் பார்க்கிறார், பெற்றோர் பார்க்கிறார்கள், எல்லார் கண்ணுக்கும் அவன் தோற்றது தெரிகிறது. கோடு தோற்றது யாருக்கும் தெரியாது. பையனுக்கும் தெரியாது, தனக்கு ஓட்டம் வராது என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த வருஷம் பேர் கொடுக்கவே வரமாட்டான்.

சரியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே தவறுவதும் உண்டு. ஸ்டேகரை வளைவோடு வளைவாக, அந்தந்த லேனின் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். வெளிக்கோட்டோரமாக அளந்தால் இரண்டாவது லேனில் 34 சென்டிமீட்டர் போய்விடும். வளைவை விட்டுவிட்டு டேப்பை நேராக இழுத்தால் கதை தலைகீழ்: நாலாவது லேன்காரன் ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் போய் நிற்பான், ஓசியில் பரிசு வாங்குவான். அதனால்தான் பையன்களை வளைவு நெடுக இடைவெளி விட்டுக் குந்தவைத்து, டேப்பை அவர்கள் விரலால் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லி அளப்பார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ விளையாட்டு மாதிரி இருக்கும்.

எல்லாம் முடிந்து பையன்கள் கைகால் கழுவப் போன பிறகு அவர் இன்னும் ஒரு வேலை பாக்கி வைத்திருப்பார். நாலாவது லேனின் தொடக்கக் கோட்டிலிருந்து வெற்றிக்கோடு வரை, டேப்பை நாலு முறை மாற்றிப் போட்டு முழுசாக அளப்பது. 200 வர வேண்டும். பத்து சென்டிமீட்டர் முன்பின் இருந்தால் தொடக்கக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு மறுபடி போடுவார். முதல் லேனை அளக்கமாட்டார். வழியில் எங்கே தப்பு நடந்திருந்தாலும் அது சேர்ந்து சேர்ந்து நாலாவது லேனில்தான் பெரிதாக வந்து நிற்கும் என்பது அவர் கணக்கு. இருட்டு கட்டிக்கொண்டு வரும் நேரத்தில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நாளைக்கு யார் நிற்கப்போகிறான் என்றே தெரியாத ஒரு லேனை அளக்கும் அந்த மனிதரைத்தான் நான் பி.டி. சார் என்கிறேன். லேனுக்குச் சீட்டு போடுவது மறுநாள் காலையில்தான்.

காதால் கேட்டு அமுக்கக் கூடாது

மற்றதையும் இதே கண்ணோடு பார்த்தால் விளங்கும். 100 மீட்டர் ஓட்டம் இந்த டிராக்கில் அடங்காது. ஓடி முடித்து நிற்கவும் இடம் சேர்த்தால் 120 மீட்டராவது நேராக வேண்டும். அதனால் மதிற்சுவர் ஓரமாக ஓட வைப்பார்கள். அங்கே வெற்றிக்கோட்டில் நிற்கும் டைம்கீப்பர் பசங்களுக்கு அவர் சொல்வது: “சத்தத்தைக் கேட்டு அமுக்காதீங்கடா, கட்டை ஒட்டறதைப் பாத்து அமுக்குங்க.” துப்பாக்கி இல்லாத பள்ளியில் இரண்டு மரக்கட்டையை அடித்துத்தான் கிளப்புவார்கள். அந்தச் சத்தம் நூறு மீட்டர் வந்து சேர 0.3 விநாடி ஆகும். காதால் கேட்டு அமுக்கினால் பையன் அவ்வளவு வேகமாக ஓடியதாகக் காட்டும். அந்த நம்பரை நம்பிக் குறுவட்டப் போட்டிக்கு அழைத்துப் போனால் அங்கே அசல் தெரிந்து முகம் தொங்கும்.

குண்டெறிதல், வட்டெறிதலுக்கு, எறிந்தது விழ வேண்டிய இடத்தைக் காட்டும் பிரிவுக்கோடு இரண்டும் 34.92 டிகிரியில் விரிய வேண்டும். பாகைமானியை மைதானத்தில் வைத்து யாரும் அளக்க முடியாது. வட்டத்தின் மையத்திலிருந்து 10 மீட்டர் தூரத்தில் இரண்டு கோட்டுக்கும் இடைவெளி 6 மீட்டர், 20-ல் 12. இரண்டு டேப் இருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

ரிலேயில் அவர் பாடு தனி. பேட்டன் 28-லிருந்து 30 சென்டிமீட்டர், 50 கிராமுக்குக் குறையக் கூடாது, பி.வி.சி. குழாயை அறுத்து விளிம்பைத் தேய்த்துக் கொடுப்பார். கஷ்டம் அதைக் கைமாற்றுவதில். வாங்குகிறவன் தன் இடத்திலிருந்து பின்னோக்கி, குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட இருபது இருபத்தைந்து அடி அளந்து ஒரு குறி போடுவான். கொண்டு வருகிறவன் அந்தக் குறியை மிதித்த கணம் இவன் திரும்பிப் பார்க்காமல் பறக்க வேண்டும். கொண்டு வருகிறவன் வந்து முட்டினால் குறியை இரண்டடி தள்ளிப் போடு. எட்டவே முடியாமல் திணறினால் இரண்டடி கிட்டே கொண்டு வா. இதைத்தான் வாரக்கணக்கில் செய்வார்கள். பயிற்சியில் முக்கால் வேகத்தில் ஓடிச் சரிபார்த்த குறி போட்டியன்று உதவாது என்பதையும், இறுதிச் சுற்றில் களைத்து வருகிறவனுக்கு ஓர் அடி குறைக்க வேண்டும் என்பதையும் யாரோ ஒருவர் பட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். முதல் பையன் வலது கையில், இரண்டாமவன் இடது, மூன்றாமவன் வலது, நாலாமவன் இடது. 400 மீட்டர் டிராக்கில் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் ரிலேயில், வளைவில் ஓடுகிற முதலாமவனும் மூன்றாமவனும் லேனின் உள்ளோரத்தை ஒட்டி வர அது வசதி. ஸ்டார்ட்டிங் பிளாக் இல்லாத பள்ளிகளில் ஓடாத பையன்கள் பின்னால் உட்கார்ந்து தங்கள் பாதத்தையே முட்டுக்கொடுப்பார்கள். ஓடி ஜெயித்தவன் பெயர் சான்றிதழில் வரும். முட்டுக்கொடுத்தவன் சிராய்த்த பாதத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவான். அவனுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுக்கத் தெரிந்தவரும் பி.டி. சார்தான்.

இவர்களுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு வேர் சென்னையில் இருக்கிறது. இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கியவர் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோடு போனவர். ‘டிரில் மாஸ்டர்’ என்று அழைக்கப்பட்ட ஒருவரை, உடம்பைப் பற்றியும் மைதானத்தைப் பற்றியும் படித்துவிட்டு வருகிற ஆசிரியராக மாற்றியதில் அந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்கு உண்டு. டிரில் என்ற சொல் மட்டும் பள்ளிக்கூடங்களில் பிடிவாதமாக இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சாண் ஆழத்தில்

ஸ்போர்ட்ஸ் டே முடிந்த மறுநாள் அந்த இரண்டு கம்பிகளையும் பிடுங்கமாட்டார்கள். தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் யாராவது இடறி விழுவான் என்பதால், ஒரு சாண் கீழே போகும்வரை அடித்து மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். அடுத்த வருஷம் புதிதாக மையம் தேட வேண்டாம். எங்கே புதைத்தோம் என்பதற்கு இரண்டு அளவு போதும்: கட்டடத்தின் ஒரு மூலையிலிருந்து ஒன்று, இன்னொரு மூலையிலிருந்து ஒன்று. இரண்டு டேப்பும் சந்திக்கிற இடத்தில் கம்பி. அறிவுள்ளவர் மூன்றாவதாகக் கொடிமேடையிலிருந்தும் ஒன்றைக் குறித்துவைப்பார், டேப் பிடிக்கிறவன் தப்பாகப் பிடித்தால் காட்டிக்கொடுக்க. வேப்பமரத்திலிருந்து அளக்கமாட்டார், எந்த லீவில் யார் வந்து மரத்தை வெட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

கம்பிக்கு மூன்றாக அந்த ஆறு எண்களும் பழைய டைரி ஒன்றின் கடைசிப் பக்கத்தில், ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர் பெயர்ப் பட்டியல்களுக்கும் பஸ் காசு, புளிசாதக் கணக்குக்கும் நடுவில் இருக்கும். மாறுதலோ ஓய்வோ வருகிற நாளில், மாலையும் சால்வையும் போட்டுப் பேச்சு முடிந்த பிறகு, புதிதாக வந்த சாரை அவர் மைதானத்துக்கு அழைத்துப் போகிறார். டைரியைப் பிரித்துக் கொடுத்து, இரண்டு பையன்களிடம் டேப்பின் முனைகளைக் கொடுக்கிறார். டேப்புகள் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் புதியவர் குனிந்து விரலால் மண்ணைப் பறிக்கிறார். இரும்பு தட்டுப்படும்வரை அவர் சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்.